நோபர்ட்டின் டொயோட்டாவுக்குச் சுகமில்லை

மாத்தளையில் ஓடுகிற எதுவும் ஒரு நாள் நிற்கும். கண்டிக்குப் போகும் பஸ் பலகடுவ ஏற்றத்தில் நிற்கும். கோயில் தேர் சந்தியில் திரும்பும்போது நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தேங்காய் உடைத்து, பத்துப் பேர் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் அசையும். சாமிக்கே அப்படியென்றால் ஆசாமிக்கு என்ன? ஆனால் நோபர்ட் பஸ்தியாம்பிள்ளையின் டொயோட்டா மட்டும் நிற்காது. ஊர் இதைச் சொல்லத் தொடங்குமுன்பே நோபர்ட் சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்டவர்களிடம் சொன்னார், கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொன்னார்.

அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் இருந்தது. எழுபதுகளின் முதல் பாதியில், வெளிநாட்டுக் காருக்கு நாட்டின் கதவு சாத்தியிருந்த காலத்தில், அவர் ஒரு முதலாளியின் ஹயர் காரை ஓட்டினார். அது இங்கிலாந்துக் கார். பெயர் வேண்டாம்; செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. அந்தக் காருக்குள் இருந்த நேரத்தைவிட அதற்குக் கீழே படுத்திருந்த நேரம்தான் அதிகம். கல்யாணமான புதிதில் அவர் மனைவி டொறீன் புருஷனை முகத்தை வைத்தல்ல, காலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். தபால் கந்தோரில் வேலை முடிந்து வரும் வழியில் ஏதாவது ஒரு காருக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் குனிந்து, "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். ஒரு தடவை அது வேறு யாருடைய காலோ. அதற்குப் பிறகு காலில் போட்டிருக்கும் சப்பாத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

எழுபத்தேழுக்குப் பிறகு கதவு திறந்தது. கப்பல் கப்பலாக ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. நோபர்ட் டொறீனின் தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் விற்று, யாரோ ஒரு ஜப்பான்காரர் ஓட்டிச் சலித்த டொயோட்டா கொரொல்லா ஒன்றை வாங்கினார். நிறம் மஞ்சள், அதுவும் தூரத்திலிருந்தே கண்ணைக் குத்துகிற மஞ்சள். சுவாமியார் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன அந்தோனியார் சுரூபம் ஏறியது.

ஊர் சிரித்தது. ஜப்பான் சாமான் என்றால் அப்போது விளையாட்டுச் சாமான். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்த யாழ்ப்பாணத்து உருத்திரமூர்த்தியும் ஓர் இங்கிலாந்துக் கார் வைத்திருந்தார். அவர் கொரொல்லாவின் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஐசே நோபர்ட், உது காரில்லை, பிஸ்கற் ரின். ரெண்டு மாரி பெய்தா கரைஞ்சு போம்."

அடுத்த கிழமை பலகடுவ வளைவில் உருத்திரமூர்த்தி பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நீராவிக்கு நடுவில் நின்றார். நோபர்ட் மெதுவாகக் கடந்து போனார். கொஞ்சத் தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் கடந்து போனார். மூன்றாவது தடவைதான், மனம் இரங்கி, நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள்.

டொயோட்டாவின் வரலாறு அவருக்குச் சீகிரியாவில் கிடைத்தது. குன்று ஏறிய களைப்பில் மரநிழலில் உட்கார்ந்த ஒரு ஜப்பான் பயணி, நோபர்ட் காரைத் துடைக்கும் பக்தியைப் பார்த்து, தன் சட்டையிலிருந்து ஒரு நூலை இழுத்து, கையாலும் அரைகுறை இங்கிலீஷாலும் விளக்கினார். அந்தக் கம்பெனியின் மூத்தவர் முதலில் கார் செய்யவில்லையாம், தறி செய்தாராம். அந்தத் தறியில் ஒரு நூல் அறுந்தால் போதும், யாரும் சொல்லாமலே தறி தானாக நின்றுவிடுமாம். இங்கிலாந்துக்காரர்களே அந்த வித்தையை விலைக்கு வாங்கினார்களாம். பிறகு அவருடைய மகன்தான் காருக்கு இறங்கினாராம்.

பயணி இதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். நோபர்ட்டின் கையில் அது மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை நீண்டது. தறிக்காரரின் தாயார் வந்தார், அவர் கண்ணீர் வந்தது, இங்கிலாந்து மகாராணி கூட ஒரு தடவை எட்டிப் பார்த்தார். முடிவு மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "நிக்க வேண்டிய நேரத்துல நிக்கத் தெரிஞ்ச மெசின செஞ்ச வம்சங்க இது. அதான் நிக்கக் கூடாத நேரத்துல நிக்காது." இங்கிலாந்துக்காரர் அந்த வித்தையை விலைக்கு வாங்கிய இடம் வரும்போது மட்டும் உருத்திரமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

பின் கண்ணாடிக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் 'நிற்காத டொயோட்டா' என்று எழுதப்பட்டது. பெண் வீட்டார் தேடி வரத் தொடங்கினார்கள். மணப்பெண் ஏறிய கார் வழியில் நின்றால் அபசகுனம் என்பதில் மாத்தளையில் எல்லாச் சாதிக்கும் எல்லாச் சமயத்துக்கும் ஒரே கருத்து. யட்டவத்தையிலிருந்து ரிவர்ஸ்டன் அடிவாரத் தோட்டங்கள் வரை, கோயில் கல்யாணம், பள்ளிவாசல் நிக்காஹ், சிங்களவர்களின் போறுவைக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் டொயோட்டாதான். ஒரு சாத்திரியார் நாள் குறிக்குமுன், "டொயோட்டா அண்டைக்குச் சும்மா இருக்குதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். குரு பார்வை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், டொயோட்டா இல்லாவிட்டால் முடியாது.

ஸ்டாண்டில் நோபர்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பது செபஸ்தியனின் வேன். கதவு ஒரு கம்பெனி, எஞ்சின் இன்னொரு கம்பெனி, இருக்கை ஏதோ ஒரு பழைய பஸ்ஸிலிருந்து வந்தது. நிறம் சாம்பல் என்று சொல்லலாம், மழை நாளில் அதுவும் தெரியாது. "என்னடா வண்டி இது? இதுக்குப் பேரென்ன, ஊரென்ன?" என்று நோபர்ட் தினமும் சீண்டுவார். "பேரில்லாட்டி என்ன அண்ணே, ஓடுதுல்ல," என்பான் செபஸ்தியன். நோபர்ட் ஓடி முடித்து மிச்சம் விட்ட ஹயர்தான் அவனுக்கு. அவன் அதற்கும் சிரிப்பான். அவன் மனைவி மார்ஜரி மட்டும், கோயிலுக்கு நடந்து போனாலும் போவேன், அந்த வேனில் ஏற மாட்டேன் என்றிருந்தாள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஊர் எரிந்தபோது உருத்திரமூர்த்தியின் இங்கிலாந்துக் காரும் எரிந்தது. நோபர்ட் அவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, புகைக்கு நடுவே, எங்கும் நிற்காமல் அகதி முகாமில் கொண்டுபோய் இறக்கினார். அந்த ஓட்டத்தைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பெருமை பேசியதில்லை. குடும்பம் யாழ்ப்பாணம் போனது, உருத்திரமூர்த்தி மட்டும் வேலைக்காகத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு எண்பத்தொன்பது வந்தது. அந்த வருடம் மாத்தளையில் யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை, எல்லாரும் 'அவங்க' என்றார்கள். கண் மலைப் பக்கம் போனால், அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்த சிங்கள இளைஞர்கள் என்ற ஒரு அவங்க, இராணுவ முகாம் பக்கம் போனால் மற்ற அவங்க. இரண்டு அவங்களுக்கும் வாகனம் தேவைப்பட்டது. வாகனத்தோடு டிரைவரும் போக வேண்டும். யட்டவத்தைப் பக்கம் மூன்று டிரைவர்கள் அப்படிப் போனார்கள். ஒருவருடைய லொறி ஆற்றங்கரையில் கிடந்தது. ஆட்கள் திரும்பி வரவில்லை.

ஒரு மாலை உருத்திரமூர்த்தி வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்காராமலே பேசினார்.

"நோபர்ட், கச்சேரியில காதில விழுந்தது. அவங்களுக்கு வழியில நிக்காத வாகனம் ஒண்டு வேணுமாம். உம்மட பேர்தான் அடிபடுது."

"எந்த அவங்க சேர்?"

உருத்திரமூர்த்தி முதலில் மலைப் பக்கம் பார்த்தார். பிறகு முகாம் பக்கமும் பார்த்தார்.

டொறீன் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கார் வேண்டியதில்லை, புருஷன் வேண்டும். "வண்டி பழுதுன்னு சொல்லிருங்க. எஞ்சின் போச்சுன்னு நாளைக்கே ஸ்டாண்ட்ல சொல்லுங்க."

நோபர்ட் வாயைத் திறந்தார்.  இத்தனை வருடம் ஒரே பாதையில் ஓடிய நாக்கு ரிவர்ஸ் எடுக்க மறுத்தது. மறுநாள் காலை கோயிலுக்குப் போய்ப் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, ஒரு காரைப் பற்றிப் பொய் சொல்வது சாவான பாவமா அற்பப் பாவமா என்று கேட்டார். உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யைப் பற்றிச் சுவாமியார் பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்து, வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தணிந்த குரலில், "வியாழக்கிழம ரத்தோட்டைக்குப் பூசைக்குப் போகணுமே நோபர்ட், நெசமாவே பழுதில்லதானே?" என்று கேட்டார்.

அன்று ஸ்டாண்டில் அறிவித்தார். "எஞ்சின் போயிருச்சு."

 சிரிப்பு வெடித்தது. "பாப்பரசர் மதம் மாறிட்டாராம்!" என்றான் ஒருவன். செபஸ்தியன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

சொன்னால் நம்பாவிட்டால் காட்ட வேண்டும். மறுநாள் டொறீனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, நோபர்ட் திருகோணமலை வீதியில் பட்டப்பகலில் டொயோட்டாவைத் தள்ளினார். வியர்வை ஒழுக, ஊர் பார்க்க, நன்றாகத்தான் போனது. ஆனால் அந்தக் கார் ஏற்றிப் போன மணப்பெண்களின் அப்பன்மாரும் அண்ணன்மாரும் கடைக்குக் கடை இருந்தார்கள். ஓடி வந்து கைகொடுத்தார்கள். இருபது கை சேர்ந்ததும் கார் பறந்தது. பயந்துபோன டொறீன் கீழே இருந்ததையெல்லாம் மிதித்தாள், மேலே இருந்ததையெல்லாம் இழுத்தாள். டொயோட்டா ஒரு குலுக்குக் குலுக்கி, ஸ்டார்ட் ஆகி, அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேக்கரி வாசலில்தான் அமர்ந்தது. கைதட்டல் கேட்டது. "பாத்தீங்களா, தள்ளக்கூட விடல்ல!" என்று ஊர் மெச்சியது.

பழுதாவதற்கும் ஒரு படிப்பு வேண்டும் என்று நோபர்ட்டுக்கு அன்றுதான் புரிந்தது. மாத்தளையில் அந்தப் படிப்பில் உருத்திரமூர்த்தியை மிஞ்ச ஆளில்லை. இங்கிலாந்துக் காரோடு கால் நூற்றாண்டு வாழ்ந்தவர். வாசலில் டொயோட்டாவின் முன் நோபர்ட்டை நிறுத்தி, பாடம் எடுத்தார்.

"ஐசே, உம்மட மூஞ்சையே சரியில்லை. கார் பழுதான மனிசன் உப்பிடியே நிக்கிறது? மாப்பிள்ளை மாதிரியெல்லோ நிக்கிறீர். தோளை விழுத்தும். இன்னும். ஆ, இப்ப பொனற்றைத் திறவும். திறந்திட்டு ஒண்டும் செய்யாதையும், சும்மா பாரும்."

"எதப் பாக்குறது சேர்?"

"எதையெண்டாலும் பாரும். விளங்கின மாதிரிப் பார்க்கக் கூடாது. பிறகு வானத்தைப் பாரும். பிறகு ரயருக்கு ஒரு உதை."

"டயர்ல என்ன சேர் பிழ?"

"ஒரு பிழையும் இல்லை. ஆனா உதைக்க வேணும். அது சம்பிரதாயம். இனிப் பெருமூச்சு. நெஞ்சிலயிருந்தில்லை, அடிவயித்திலயிருந்து வரவேணும்."

நோபர்ட் முயன்றார். பெருமூச்சு கொட்டாவியாக வந்தது. உதைக்கப் போன கால் பாதி வழியில் மனம் மாறி டயரைத் தடவிவிட்டுத் திரும்பியது. உருத்திரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"உமக்கு வராது. காரையே பழுதாக்கிப்போடும்."

அதற்கும் நோபர்ட்டுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஆனது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டர் என்று பெருவிரல் அளவில் ஒரு துண்டு உண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குப் பொறி போகாது, எந்த நாட்டுக் காராக இருந்தாலும் ஓடாது. திருப்பிப் போட்டால் ஒரு குறையும் இருக்காது. நோபர்ட் அதைக் கழற்றி, லேஞ்சித் துணியில் சுற்றி, வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்த பெரிய அந்தோனியார் சுரூபத்தின் பின்னால் வைத்து, காவல் காக்கும்படி மன்றாடினார்.

டொறீன் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "தொலைஞ்சத கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு அந்தோனியாரு. அவருகிட்டயா போயி ஒளிச்சு வைப்பீங்க? வேற சாமியே கெடைக்கலியா?"

"அவருக்கு நம்மளத் தெரியும் டொறீன். காட்டிக் குடுக்க மாட்டாரு."

டொயோட்டா வாசலில் படங்குத் துணி போர்த்திப் படுத்தது. இப்போதுதான் ஊர் மெல்ல நம்பத் தொடங்கியது, நம்பியதும் கலங்கியது. துக்கம் விசாரிக்க வருவதுபோல் ஆட்கள் வந்தார்கள். ஒரு சிங்களக் குடும்பம் விகாரையில் பூஜை வைத்து நூல் கொண்டுவந்து கண்ணாடியில் கட்டியது. ரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து மரியாயி என்ற கிழவி கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அவளுடைய மூன்று மகள்மாரும் அந்தக் காரில்தான் புகுந்த வீடு போனார்கள். "டொயோட்டாவுக்குச் சுகமில்லையாம்" என்ற செய்தி ரிவர்ஸ்டன் வரை போய்விட்டது. நோபர்ட்டுக்கு உள்ளே வலித்தது. ஒரு குற்றமும் செய்யாத காரைப் பற்றி ஊர் இப்படிப் பேசுகிறதே என்று சாப்பாடு இறங்கவில்லை.

அவர்கள் ஒரு பிற்பகலில், வெயில் நேரத்தில் வந்தார்கள். மூன்று பேர். சாக்கில் சுற்றிய நீளமான சாமான் ஒன்று. மூத்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், செருப்புத் தேய்ந்திருந்தது, மரியாதையாகத்தான் சிங்களத்தில் பேசினான்.

"மாத்தயா, ரிவர்ஸ்டன் பக்கம் போகணும். சாவிய எடுங்க."

"வண்டி ஓடாது தம்பி. பழுது. ஊரையே கேட்டுப் பாருங்க."

நோபர்ட் படங்கை நீக்கினார். பொனற்றைத் திறந்தார், விளங்காத மாதிரிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு டயருக்கு ஓர் உதை விட்டார். பெருமூச்சு அடிவயிற்றிலிருந்து அசலாக வந்தது. பகல் சாப்பாட்டுக்குக் கந்தோரிலிருந்து வந்திருந்த டொறீன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தவன் சாவியை வாங்கி, உள்ளே உட்கார்ந்து, திருகினான்.

டொயோட்டா முதல் திருகிலேயே, பூனை போல, மெல்லிய உறுமலோடு ஸ்டார்ட் ஆனது.

நடந்தது இதுதான். ஒர்க்‌ஷொப் ஜைனுதீனின் மகள் பீபிக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். டொயோட்டா இல்லாமல் மகளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. காலையில் நோபர்ட் சந்தைக்கும் டொறீன் கந்தோருக்கும் போயிருந்த நேரத்தில் வந்து, பொனற்றைத் திறந்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, ரோட்டர் இல்லாததைக் கண்டு, எந்தக் கள்ளன் எடுத்தானோ என்று சபித்து, புது ரோட்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, நண்பனை அதிசயப்படுத்த நினைத்துச் சொல்லாமலே போய்விட்டார்.

மூத்தவன் காரிலிருந்து இறங்கி நோபர்ட்டைப் பார்த்தான். பொய் சொன்னவனுக்கு அந்த வருடம் என்ன நடக்கும் என்பது வாசலில் நின்ற ஐந்து பேருக்கும் தெரியும்.  ஆனால் அந்த எஞ்சினின் சத்தம் காதில் விழுந்ததும் நோபர்ட்டின் முகம், அவரைக் கேட்காமலே, மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா," என்றார் தன்னை மறந்து. "டொயோட்டா."

"ஏறு," என்றான் மூத்தவன்.

அவர் ஏறினார். டொறீன் ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். அந்தக் கையைத் திரும்பப் பார்ப்போமா என்று நினைத்துக்கொண்டே கியரைப் போட்டார்.

முதல் வளைவில் மீன்காரர் சைக்கிளோடு நடுவீதிக்கு வந்துவிட்டார். "நோபர்ட் மாத்தயா! வண்டிக்குச் சுகமாயிட்டா!" அவர் போட்ட சத்தத்தில் இருபுறத்து வீட்டாரும் வெளியே வந்தார்கள். கைகாட்டினார்கள், ஓடி வந்து பொனற்றைத் தொட்டுக் கும்பிட்டார்கள், ஜன்னலுக்குள் குனிந்து, உள்ளே இருப்பவர்களிடமும் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பின் இருக்கையில் மூன்று பேரும் லேஞ்சியால் முகம் துடைக்கத் தொடங்கினார்கள். வெகுநேரம் துடைத்தார்கள்.

"வேகமா போ!" என்றான் மூத்தவன்.

எங்கே போவது? பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீதி நிறைய வந்தன, "நிக்காத டொயோட்டா, நிக்காத டொயோட்டா" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடின. ஒர்க்‌ஷொப் வாசலில் ஜைனுதீன் இரண்டு கையையும் விரித்து மறித்தார். ஆளுயர மாலை தயாராக வைத்திருந்தார். "எப்புடி தம்பி என்ட வேல?" என்று மாலையைப் பொனற்றில் கட்டிவிட்டு, உள்ளே எட்டி, "யாரு, கலியாண வீட்டு ஆக்களா? ஞாயித்துக்கிழம எங்கட வீட்டுக்கும் வாங்க," என்று மூன்று பேருக்கும் கைகொடுத்தார். கொடுத்தவர் கையை விடவில்லை.

ரத்தோட்டைக்கு அரை மைல் முன்னால் மரியாயி கிழவி ஒரு பலாப்பழத்தோடு நின்றாள். நோபர்ட் நிறுத்தவில்லை, கார் மெதுவாகப் போனபோது அவளே கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மெழுகுதிரி கொளுத்தியவளை இறக்கிவிட யாருக்கு வாய் வரும்? பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி, பின்னால் இருந்த இளையவனை உற்றுப் பார்த்தாள்.

"ஏ புள்ள, நீ பண்டா மேசனோட கடைசிப் பயந்தானே? உங்கம்மாவுக்கு மூட்டு வலி எப்புடி இருக்கு? அந்தத் துணிய எடு, மூஞ்சியப் பாப்போம்."

அவன் பாவம், பழக்கதோஷத்தில், "அம்மாவுக்கு இப்ப பரவாயில்ல," என்று சொல்லிவிட்டான்.

அதோடு முடிந்தது. தேயிலைக்குள் ஒரு மண்பாதை பிரிகிற இடத்தில் மூத்தவன் நிறுத்தச் சொன்னான். மூவரும் இறங்கினார்கள். அவன் ஜன்னலருகே வந்தபோது நோபர்ட் கண்ணை மூடி அந்தோனியாரைக் கூப்பிட்டார்.

"இது வாகனமில்ல, தேர்," என்றான் அவன், கோபமும் களைப்புமாக. "ஒளிஞ்சு போறவனுக்கு இது சரிவராது. பேரே இல்லாத, ஒருத்தரும் திரும்பிப் பாக்காத வாகனம்தான் எங்களுக்கு வேணும். போ. இனிமே எங்க கண்ணுல படாதே."

டொயோட்டா மாலையோடும் மரியாயியோடும் திரும்பியது.

இரண்டு நாளில் முகாமிலிருந்து ஆள் வந்து நோபர்ட்டைக் காரோடு கூட்டிக்கொண்டு போனது. ஊரே பார்த்த ஓட்டம் அது, மறைக்க ஒன்றுமில்லை. நோபர்ட் நடந்ததை நடந்தபடி சொன்னார். அதிகாரி வெளியே வந்து மஞ்சள் காரைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நல்ல கார் என்றார். தங்களுக்கும் சில வேலைகளுக்கு ஒரு வாகனம் தேவைப்படுகிறது என்றார். பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் அவசரமாகக் குனிந்து அவர் காதில் சொன்னது நோபர்ட்டுக்கும் கேட்டது: "சேர், இதுல யாரையாவது ஏத்தினா, எங்க கொண்டுபோறோம்னு மாத்தளை முழுக்கத் தெரிஞ்சிரும்."

அந்த வருடம் இரண்டு அவங்களும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். நோபர்ட் வீட்டுக்கு வந்தார். டொறீன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு அலுமாரிக்கு மேலே பார்த்து, "உங்கள ஒன்னும் சொல்லல சாமி," என்று சமாதானம் பேசினாள். பீபியின் நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை நன்றாக நடந்தது.

அதற்கு அடுத்த கிழமை செபஸ்தியன் ஸ்டாண்டுக்கு வரவில்லை.

காலையில் வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டானாம். எந்தப் பக்கம் போனான் என்று மார்ஜரி வீதி வீதியாகக் கேட்டாள். மீன்காரர் பார்க்கவில்லை. கடைக்காரர்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், ஆனால் சாம்பல் நிறத்தில் ஒரு வேன் போனதை யார் நினைவில் வைப்பார்கள்? யார் கொண்டுபோனார்கள், மலைப் பக்கத்து அவங்களா, முகாம் பக்கத்து அவங்களா, அதுவும் தெரியாது. வேனும் வரவில்லை, அவனும் வரவில்லை. நோபர்ட் டொயோட்டாவை எடுத்துக்கொண்டு யட்டவத்தை, ரத்தோட்டை, தம்புள்ளை எல்லாம் தேடினார். போன இடமெல்லாம் ஊர் அவரைப் பார்த்துக் கைகாட்டியது.

தேடிக் களைத்து மார்ஜரியின் வீட்டுக்குப் போனார். அவள் அழவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வாசலில் நின்ற மஞ்சள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள், "உங்க வண்டிக்கு எத்தன கத சொன்னீங்க. எங்க வேனுக்கும் ஒன்னே ஒன்னு சொல்லியிருந்தா, யாராவது திரும்பிப் பாத்திருப்பாங்க."

நோபர்ட் காரைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "நூல் அறுந்தா தறி நிக்கும்னு ஊரெல்லாம் சொன்னேனே டொறீன்," என்றார். "இங்க எத்தன நூல் அறுந்துச்சு. ஒன்னும் நிக்கலியே." அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதார். டொறீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 

மறுநாள் போர்ட் எழுதுகிறவரைக் கூட்டிவந்து, பின் கண்ணாடிக்குக் கீழே இருந்த 'நிற்காத டொயோட்டா'வைச் சுரண்டச் சொன்னார். அந்த இடத்தில், அதே பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் 'செபஸ்தியன்' என்று எழுதச் சொன்னார். அந்த நாளில் அப்படி ஒரு பெயரை எழுதுவது புத்திசாலித்தனமா என்று உருத்திரமூர்த்தி கேட்டார். புத்திசாலித்தனம் இல்லைதான் என்று நோபர்ட் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு மாத்தளைப் பக்கம் ஜப்பான் கார் பெருகியது. ஸ்டாண்டில் நிற்பதில் பாதி டொயோட்டா. பிஸ்கட் டின் என்று சொன்ன வாயெல்லாம் டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னது. அந்தக் கம்பெனியின் பெருமையைச் சொல்ல இனி நோபர்ட் தேவையில்லை. மஞ்சள் கொரொல்லா தொண்ணூறுகளைத் தாண்டி, சண்டை முடிந்த வருடம் வரை ஓடியது. மணப்பெண்கள் ஏறினார்கள், அவர்கள் பெற்ற பெண்கள் மணப்பெண்ணாகி ஏறினார்கள். சீகிரியாவுக்குப் போகிற வெளியூர்ப் பயணிகள் ஏறினார்கள். சோதனைச்சாவடிகளில் துப்பாக்கியோடு இளைஞர்கள் பின்னால் போய் வாசித்துவிட்டு வந்தார்கள்.

ஏறியவர்களும் மறித்தவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: யார் இந்தச் செபஸ்தியன்? நோபர்ட் தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும் சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்திலும் சொன்னார். தறிக்காரரின் கதையைக் கேட்க ஆசைப்பட்டவர்களிடம், அதைத் திரும்பி வரும்போது சொல்கிறேன் என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கியரைப் போடுவார்.

"அது ஒரு சாம்பல் கலர் வேனுங்க. கதவு ஒரு கம்பெனி, எஞ்சின் ஒரு கம்பெனி..."